சிலை இல்லாத வீட்டில் விக்கிரகம்

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மகள் எழுதிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் சபையில் ஒரு மாதமாக நவீன விக்கிரகங்களைப் பற்றித் தொடர் பிரசங்கம் நடக்கிறது. வாரத்துக்கு வாரம் பட்டியல் நீள்கிறது. கைப்பேசி, தொலைக்காட்சி நாடகம், கிரிக்கெட், நகை, புதுத் துணி. போன வாரம் மகனின் கிரிக்கெட் மட்டையை வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் சிலையும் இல்லை, படமும் இல்லை. அப்படியிருக்க, எது விக்கிரகம், எது சாதாரண ஆசை என்று என்னைப்போன்ற ஒருத்தி எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னொன்றும் கேட்க வேண்டும். என் பெரியம்மா குடும்பம் இந்துக்கள். லயம் என்கிற ஒரே வரிசை வீட்டில் நாலு காம்பரா, அதாவது நாலு அறை, தள்ளி இருக்கிறார்கள். திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் அவர்கள் கொடுத்தனுப்புவதை நாங்கள் சாப்பிடலாமா?"

மகள், பெரியம்மாவின் பலகாரத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த மட்டையை எடுத்துப் பையனிடம் கொடுத்துவிடுங்கள். பாடசாலைவிட்டு வந்து கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் பந்தடிக்கிற பிள்ளை எந்தத் தெய்வத்தையும் வணங்கவில்லை.

முப்பத்தாறு வருடம் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்தவன் நான். ஞாயிறுகளில் ஒரு சிறிய சபையில் பிரசங்கமும் செய்துவந்தேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், பட்டியல் போடுவது பிரசங்கிக்குச் சுலபமான வேலை. நானும் போட்டிருக்கிறேன். கைப்பேசியைத் திட்டினால் சபையில் ஒருவருக்கும் கோபம் வராது. பெரியவர்கள் தலையாட்டுவார்கள், பிள்ளைகள் தலைகுனிவார்கள், காணிக்கை குறையாது. வேதாகமம் விக்கிரகத்தைப் பற்றிப் பேசும் இடங்களைத் திறந்து பார்த்தால் விஷயம் அவ்வளவு சுகமாக இல்லை.

பொன் கன்றுக்குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். யாத்திராகமம் 32ஆம் அதிகாரம். ஞாயிறு பள்ளியில் எல்லோரும் படித்த கதைதான். ஆனால் ஐந்தாம் வசனத்தில் பலர் நிற்பதில்லை. கன்றுக்குட்டியின் முன் பலிபீடத்தைக் கட்டிவிட்டு ஆரோன் சொல்கிறான்: "நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை." கர்த்தருக்கு! எகிப்தியரின் தெய்வத்துக்கென்று அவன் சொல்லவில்லை. செங்கடலைக் கடந்து வந்த மக்கள், வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் போட்டிருந்த காதணியைக் கழற்றிக் கொடுத்து, கர்த்தருடைய பெயரிலேயே அதைக் கொண்டாடினார்கள். மோசே மலையிலிருந்து இறங்கி வரத் தாமதித்தான்; அவனுக்கு என்ன ஆனதோ தெரியாது என்ற பயம் வந்தது; கண்ணால் பார்த்துக் கையால் தொடக்கூடிய ஒன்று வேண்டியிருந்தது. பிறகு மோசே கேட்டபோது ஆரோன் சொன்ன பதில் வேதத்தின் பெரிய வேடிக்கைகளில் ஒன்று. பொன்னை நெருப்பில் போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வந்தது என்கிறான். சிற்பக் கருவியால் அதற்கு உருக்கொடுத்த ஆள் பேசுகிற பேச்சு இது. நம் வீட்டு விக்கிரகங்களும் இப்படித்தான். யாரும் செய்ததில்லை, தானாக வந்தது.

மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில் முதலாம் கட்டளையை விளக்கும்போது, உன் இருதயம் எதைப் பற்றிக்கொண்டு எதன்மேல் சாய்ந்திருக்கிறதோ அதுவே உண்மையில் உன் தேவன் என்று சொல்கிறார். சரியான விளக்கம். ஆனால் நமக்கு இதனால் முழு உதவி கிடைப்பதில்லை. "எதன்மேல் சாய்ந்திருக்கிறாய்?" என்று கேட்டால் கிறிஸ்தவனாகப் பிறந்த யாரும் "கர்த்தர்மேல்" என்றுதான் சொல்வான், பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல். வாயைக் கேட்டுப் பயனில்லை. வேறு இரண்டு இடங்களில் பார்க்க வேண்டும்.

ஒன்று நியாயாதிபதிகள் புத்தகத்தில் இருக்கிறது. மீகா என்று ஒருவன். தாயிடமிருந்து ஆயிரத்து நூறு வெள்ளிக்காசைத் திருடுகிறான். சாபத்துக்குப் பயந்து திருப்பிக் கொடுக்கிறான். அந்தப் பணத்தைக் கர்த்தருக்கென்று நேர்ந்த தாய், அதில் ஒரு பகுதியால் விக்கிரகம் செய்விக்கிறாள். பிறகு வருடத்துக்குப் பத்து வெள்ளிக்காசும் உடுப்பும் சாப்பாடும் பேசி ஒரு லேவியனை வீட்டுக்கு ஆசாரியனாக வைத்துக்கொள்கிறான் மீகா. கர்த்தர் எனக்கு நன்மை செய்வார் என்று இப்போது தெரிந்துவிட்டது என்று மகிழ்கிறான். எல்லாம் கர்த்தருடைய பெயரில்தான் நடக்கிறது. ஒருநாள் தாண் கோத்திரத்தார் வந்து சிலையையும் ஆசாரியனையும் சேர்த்துக் கொண்டுபோகிறார்கள். பின்னாலேயே ஓடிப்போய் மீகா கத்துகிறான்: "இனி எனக்கு என்ன இருக்கிறது?"

அந்த ஒரு வாக்கியம் போதும். எது கைவிட்டுப் போனால் உங்களுக்குள்ளிருந்து இந்தச் சத்தம் எழும் என்று பாருங்கள்.

இந்தச் சோதனையை எல்லோர்மேலும் எல்லா நேரத்திலும் போடக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அப்படிப்பட்ட நாளில் ஒரு தாய் "இனி எனக்கு என்ன இருக்கிறது" என்று அழுதால் அது துக்கம். இயேசுவும் லாசருவின் கல்லறை அருகே அழுதார். துக்க வீட்டில் போய் நின்று விக்கிரகாராதனையைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர் துன்பத்தில் கிடந்தவனையே குற்றஞ்சாட்டிய யோபுவின் நண்பர்கள் வரிசையில் போய் உட்கார வேண்டியதுதான். மீகாவின் சோதனை நம்மை நாமே, அமைதியான நாளில், கதவைச் சாத்திக்கொண்டு கேட்பதற்கு.

இரண்டாவது இடம் எனக்கு இன்னும் முக்கியமானது. படையல் யார் என்று பாருங்கள். எந்தத் தெய்வமும் சும்மா இருக்காது, ஏதாவது கேட்கும். மோளேகு என்ற தெய்வத்துக்குப் பிள்ளைகளைத் தீக்கடக்கப் பண்ணக்கூடாது என்று லேவியராகமம் கட்டளையிடுகிறது. தங்கள் குமாரரையும் குமாரத்திகளையுமே பலியிட்டார்கள் என்று 106ஆம் சங்கீதம் அழுகிறது. அந்தத் தகப்பன்மார் பிள்ளைமேல் பாசம் இல்லாதவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. குடும்பம் நன்றாக இருக்க வேண்டும், மழை பெய்ய வேண்டும், விளைய வேண்டும் என்று நினைத்தவர்களாகவும் இருந்திருக்கலாம். நன்மைக்கென்று செய்ததில் செத்தது வீட்டிலேயே சிறிய ஆள். விக்கிரகம் கேட்கும் படையலை, அதைக் கும்பிடுகிறவன் தன் பங்கிலிருந்து கொடுப்பது அபூர்வம்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் வீட்டில் நடந்தது. மூத்த மகள் தரம் ஐந்தில் இருந்த வருடம். புலமைப்பரிசில் பரீட்சை என்றால் மலையகத்தில் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வினாத்தாள், 200 புள்ளி, பத்து வயதுப் பிள்ளை. தேறினால் நகரத்துப் பெரிய பாடசாலைக்குப் போகலாம், தோட்டத்தைவிட்டு ஏறலாம். நான் வேறு வாத்தியார். என் மகள் தேறாவிட்டால் ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது? காலை நாலரைக்கு எழுப்பினேன். மார்கழிக் குளிர், வாயைத் திறந்தால் புகை வரும். மாலையில் பிரத்தியேக வகுப்பு, இரவில் பழைய வினாத்தாள். நான் இருபத்தொரு நாள் உபவாசம் இருந்தேன். சபையில் எழுந்து நின்று ஜெபிக்கக் கேட்டுக்கொண்டேன். அந்த இருபத்தொரு நாளில் ஒருநாள்கூட நான் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை; அவள் எழுதியதைத்தான் பார்த்தேன். பெறுபேறு வந்தது. வெட்டுப்புள்ளிக்கு நாலு குறைவு. இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. திட்டவுமில்லை. மூன்றாம் நாள் என் மனைவி அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னாள்: "நீங்கள் உபவாசம் இருந்தீர்கள், சரி. பட்டினி கிடந்தது அவள்."

அன்றைக்கு எனக்கு ஆரோனின் வசனம் ஞாபகம் வந்தது. கர்த்தருக்குப் பண்டிகை என்று அறிவித்துவிட்டு நான் எதைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தேன்?

கல்வி கெட்டதென்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். 1823இல் கோப்பித் தோட்டத்துக்கு வந்து, 1948இல் குடியுரிமையும் பறிபோன ஒரு சமூகத்துக்கு எழுத்தைவிட்டால் வேறு ஏணி இருக்கவில்லை. எனக்குச் சோறு போட்டதும் அதுதான். இதனால்தான் விஷயம் சிக்கலாகிறது. கெட்ட பொருளை யாரும் தெய்வமாக்குவதில்லை. நல்லதாக இருந்தால்தான் அதன்மேல் முழு எடையையும் சாய்க்கத் தோன்றும். ஏசாயா 44ஆம் அதிகாரத்தில் வரும் ஆள் மரத்தில் பாதியை அடுப்பில் வைத்து அப்பம் சுட்டு, இறைச்சி வாட்டி, "ஆ, அனலானேன்" என்று குளிர் காய்கிறான். நம் குளிருக்கு நன்றாகப் புரிகிற வசனம். அதே மரத்தின் மீதியைத்தான் நிறுத்திவைத்து, "என்னை இரட்சிக்கவேண்டும், நீ என் தெய்வம்" என்று கும்பிடுகிறான். விறகில் ஒரு குற்றமும் இல்லை. விறகிடம் கேட்கக்கூடாததைக் கேட்டதுதான் கோணல்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். கொலோசெயர் 3:5இல் "விக்கிரகாராதனையான பொருளாசை" என்று பவுல் எழுதுகிறார். ஆயிரம் ரூபா நாள் சம்பளத்துக்காகத் தோட்டத்து மக்கள் வருடக்கணக்கில் போராடிக்கொண்டிருந்த காலத்தில் (2021இல்தான் அது கிடைத்தது), இந்த வசனத்தை எடுத்துத் தொழிலாளரையே கண்டித்த ஒரு பிரசங்கத்தை நான் கேட்டிருக்கிறேன். பின்வரிசையில் நெளிந்துகொண்டிருந்தேன். பவுல் அங்கே எழுதிய கிரேக்கச் சொல் பிளியோனெக்சியா. தன் பங்குக்கு மேல் பிடித்துக்கொள்ளும் பசி என்பது அதன் பொருள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்புகிறவர்கள் சொந்தமாக ஏழு பேர்ச்சஸ் காணியும் ஒரு வீடும் கேட்பது பிளியோனெக்சியா ஆகாது. கொழுந்தின் நிறை குறைந்ததென்று அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டால் அதைத் தட்டிக் கேட்பதும் ஆகாது. அந்த விஷயத்துக்கு யாக்கோபு வேறு வசனம் வைத்திருக்கிறார்: வயலை அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது. பசித்தவனுக்குப் பொருளாசைப் பிரசங்கம் செய்கிறவர் தன் பையை ஒருமுறை தடவிப் பார்ப்பது நல்லது.

ஆனால் அதே வீடு படையல் கேட்கத் தொடங்கும் ஒரு கட்டம் இருக்கிறது. தாய் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். முதல் இரண்டு வருடம் கடனுக்கும் சாப்பாட்டுக்கும். அதில் நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். போகாமல் என்ன செய்வாள்? அடுத்த இரண்டு வருடம் சுவருக்கு. அதற்கடுத்தது ஓட்டுக்கும் தரைக்குமான மாபிளுக்கும். ஆறாம் வருடம் அவள் வரட்டுமா என்று கேட்கிறபோது, "இன்னும் ஒரு தடவை போனால் மேல்தட்டும் போட்டுவிடலாம்" என்று இங்கிருந்து பதில் போகிறது. பிள்ளை அம்மாவைக் கைப்பேசித் திரையில் மட்டும் தெரிந்து வளர்கிறது. எந்த நாளில் தேவை முடிந்து வழிபாடு தொடங்கியது என்று வெளியிலிருந்து எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த வீட்டாருக்குத் தெரியும். "போதும்" என்று சொல்லக்கூடிய ஒரு நாள் வந்தும் யாரும் சொல்லாமல் விட்டார்களே, அந்த நாள்தான்.

இனி நம் ஊரின் பெரிய தெய்வத்துக்கு வருகிறேன். பிரசங்கப் பட்டியல்களில் இது வந்து நான் பார்த்ததில்லை. அதன் பெயர் "நாலு பேர் என்ன சொல்வார்கள்". இதற்குக் கோயில் கிடையாது, பூசாரி கிடையாது, ஆனால் படையல் மட்டும் தவறாது. பிள்ளை பெரியவளான சடங்குக்கு மண்டபம், வீடியோ, ஆளுயரப் பதாகை. அதற்குத் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகும். போதாததற்குப் பெண்களுக்குக் கொடுக்கும் நுண்கடன். வார வாரம் தவணைக்காரர் வாசலுக்கு வரும்போது அம்மா பின்பக்கத்தால் கொழுந்து மலைக்கு ஏறிவிடுவாள். "அம்மா இல்லை" என்று சொல்ல அந்தப் பிள்ளையையே நிறுத்துவார்கள். பன்னிரண்டு வயதில் அவளுக்கு நடந்த சடங்கின் மிச்சம் அந்தப் பொய். தங்கத்தைப் பார்த்து "நீ என் ஆதரவு" என்று தான் சொன்னதுண்டோ என்று யோபு தன்னைத்தானே சோதிக்கிறான். நம்மிடம் தங்கம் தங்குவதே இல்லை, அடகு ரசீதுதான் தங்குகிறது. ஆனாலும் அவனுடைய கேள்வி நமக்கும் உண்டு.

இதே தெய்வத்தின் பழைய, கூர்மையான முகம் சாதி. கல்யாணம் பேசும்போது தெரியும். பெண் ஞானஸ்நானம் பெற்றவள், நல்ல பிள்ளை, பாடகர் குழுவில் இருக்கிறாள், எல்லாம் சரி. பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி: "நம் ஆட்களா?" ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுத்தவர்கள்தான் கேட்கிறார்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்துவிட்டு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியைவிட்டு எழுந்து விலகினபோது, சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்க நடக்கவில்லை என்று பவுல் அவரை எல்லோர் முன்னாலும் எதிர்த்தார். பேதுருவையே! நம் சபைகளில் மூப்பரை யார் எதிர்ப்பது? சாதிக்காக முறிந்த நிச்சயதார்த்தங்களில் படையலாவது இரண்டு இளம் பிள்ளைகள். அதற்குப் பிறகு கலியாணமே வேண்டாமென்று இருந்துவிட்ட ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவளைப் பார்க்கும்போதெல்லாம், அந்தப் பேச்சுவார்த்தையில் வாயை மூடிக்கொண்டு தேநீர் குடித்தவர்களில் நானும் ஒருவன் என்பது ஞாபகம் வரும்.

சபைக்குள்ளேயே வரலாம். மோசே உண்டாக்கிய வெண்கலச் சர்ப்பம் தேவன் சொல்லிச் செய்தது. பாம்பு கடித்தவர்கள் அதைப் பார்த்துப் பிழைத்தார்கள். பல நூற்றாண்டு கழித்து எசேக்கியா ராஜா பார்க்கும்போது ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவன் அதை உடைத்து, நிகுஸ்தான் என்று பேரிட்டான். வெறும் வெண்கலத் துண்டு என்று சொன்னதுபோல. தேவன் கொடுத்தது என்பதால் ஒரு பொருளுக்கு விதிவிலக்குக் கிடைத்துவிடவில்லை. நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பது வேதத்தில் உள்ளதுதான். ஆனால் அந்த எண்ணெய் சிறு குப்பியில் அடைத்து விலை போட்டு வரும்போது, முச்சக்கர வண்டியின் கண்ணாடிக்கு முன் தொங்கும்போது, அது இருந்தால் விபத்து வராது என்று நம்பும்போது, பெயர் மாறிவிட்டது. பிரசங்கியாரின் பெரிய படத்தை வரவேற்பறையில் மாட்டிவைத்து, அவரிடம் கேட்காமல் வேலைக்கு விண்ணப்பிக்கவும் பயப்படுகிற குடும்பங்கள் ஹட்டனிலும் இருக்கின்றன, தலவாக்கலையிலும் இருக்கின்றன. இரத்த அழுத்தத்துக்குக் குளிசை எடுப்பது அவிசுவாசம் என்று நிறுத்திவிட்டுப் பக்கவாதத்தில் விழுந்தவரை நான் வைத்தியசாலைக் கட்டிலில் போய்ப் பார்த்திருக்கிறேன். படையல் யார் என்ற கேள்வி அங்கேயும் பதில் சொன்னது.

கத்தோலிக்க அயலாரின் வீட்டில் சொரூபம் இருக்கிறதே என்று இந்த இடத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் தொடங்குவார்கள். வணக்கம் வேறு, தேவனுக்குரிய ஆராதனை வேறு என்று 787இல் நிசேயாவில் கூடிய சங்கம் வகுத்தது. அதை ஏற்கிறவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. அந்த வழக்கை நான் இங்கே திறக்கப்போவதில்லை. அடுத்த வீட்டுச் சுவரை எண்ணிக்கொண்டிருப்பது நம் வீட்டைப் பார்க்காமலிருக்க ஒரு நல்ல வழி. இந்துக்களான உறவினரைப் பற்றியும் இதே கருத்துத்தான். தீர்க்கதரிசிகளின் பெரும் கோபம் கர்த்தரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்மேல்தான் விழுந்தது. எசேக்கியேல் 14இல், விக்கிரகத்தை இருதயத்தில் நாட்டிவைத்திருக்கிறார்கள் என்று சொல்லப்படுகிறவர்கள் இஸ்ரவேலின் மூப்பர்கள்; தேவவாக்குக் கேட்கத் தீர்க்கதரிசியின் முன் பக்தியாய் வந்து உட்கார்ந்திருந்தவர்கள்.

கைப்பேசிக்கு இரண்டு வரி. அது பெரும்பாலும் நேரத்தைத் தின்னும் பழக்கம், வீட்டில் ஒழுங்கு வைத்தால் அடங்கும். நான் கவலைப்படுவது அதில் ஓடும் பந்தய விளையாட்டுகளைப் பற்றி. முன்பு புக்கிக் கடைக்கு நடந்துபோய்த் தோற்றார்கள், இப்போது படுத்துக்கொண்டே தோற்கிறார்கள். கசிப்புச் சாராயத்துக்கும் தவறணைக்கும் அடிமையானவரை விக்கிரகாராதனைக்காரர் என்று அழைப்பதில் எனக்கு அவசரமில்லை. அதில் பாதி நோய். முதலில் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பிரசங்கம் பிறகு செய்யலாம்.

சரி, கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? எண்ணெய்க் குப்பியை எசேக்கியாவைப்போல எறிந்துவிடலாம். பந்தயச் செயலியை அழித்துவிடலாம். பிள்ளையின் படிப்பை எறிய முடியுமா? வீட்டை இடிக்க முடியுமா? அங்கே செய்யக்கூடியது, படையலை நிறுத்துவது. எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. புலமைப்பரிசில் பெறுபேறு வந்த ஞாயிறு, தேறிய பிள்ளைகளைப் பீடத்தின் முன் நிறுத்தி மாலை போடுவோம். மற்றப் பிள்ளைகள் பெற்றோரோடு உட்கார்ந்து கைதட்டுவார்கள். என் மகளும் அப்படி ஒரு ஞாயிறு உட்கார்ந்து கைதட்டினாள். அடுத்த வருடம் நான் அதை நிறுத்தச் சொன்னேன். பரீட்சை எழுதிய எல்லாப் பிள்ளைகளுக்கும் பரீட்சைக்கு முந்திய ஞாயிறே ஒரு கதைப் புத்தகம் கொடுத்து ஜெபிப்பதென்று முடிவானது. பெரிய சண்டை. தேறிய பிள்ளையின் தகப்பன் ஒருவர் ஒரு மாதம் ஆலயத்துக்கு வரவில்லை. பிறகு வந்தார். இப்போது அது பழகிவிட்டது. மாலைக்குச் செலவான காசு மிச்சம் என்று பொருளாளர் மட்டும் முதல் நாளே ஒத்துக்கொண்டார்.

வீட்டுக்குள்ளும் இப்படிச் சின்னச் சின்னதாகத்தான் முடியும். சடங்கைப் பத்துப் பேரோடு முடிப்பது. "இந்தத் தடவை வந்துவிடு" என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டுச் சுவரைப் பூசாமல் விடுவது. ஞாயிற்றுக்கிழமை பிரத்தியேக வகுப்புக்கு "இல்லை" என்பது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பயம் வரும். வயிற்றில் ஏதோ நழுவுவதுபோல இருக்கும். மீகாவின் சத்தம் கேட்கும். கேட்கட்டும். அது எங்கிருந்து வருகிறதென்று அப்போதுதான் சரியாகத் தெரியும். உங்கள் மகன் தரம் எத்தனையென்று நீங்கள் எழுதவில்லை. மட்டையைப் பிடிக்கிற வயதென்றால் பரீட்சையும் தூரத்தில் இருக்காது. அந்த அலுமாரிக்கு மேல் மட்டையை வைக்கச் செய்தது விக்கிரகப் பயமா, வெட்டுப்புள்ளிப் பயமா என்று உங்களை நீங்களே கேட்டுப்பாருங்கள். எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

பெரியம்மா விஷயம். கொரிந்துவிலும் இதே கேள்விதான் எழுந்தது. பவுல் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விக்கிரகம் ஒன்றுமில்லை, பூமி கர்த்தருடையது. அதனால் கடையில் விற்பதையும் பந்தியில் வைப்பதையும் விசாரித்துக்கொண்டிராமல் சாப்பிடுங்கள். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், அவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாமல் விடுங்கள். உங்கள் சாப்பாட்டால் பலவீனமான சகோதரன் இடறினால் அதையும் யோசியுங்கள். அவ்வளவுதான். ஆகவே முற்றத்தில் பொங்கிய பொங்கல், தீபாவளி முறுக்கு, அதிரசம் எல்லாவற்றையும் சந்தேகத்தோடு முகர்ந்து பார்க்க வேண்டியதில்லை. மாரியம்மன் திருவிழாவில் படைத்த பிரசாதம் என்று சொல்லிக் கொடுத்தால், கோபமில்லாமல், அதைத் தாழ்த்திப் பேசாமல், "வேண்டாம் பெரியம்மா" என்று சொல்லலாம். அவர்களுக்குப் புரியும். ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள், ஒரே மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள். நீங்கள் நினைப்பதைவிட உங்கள் விசுவாசத்தைப் பற்றி அவர்களுக்கு அதிகம் தெரியும்.

என் சித்தி வீட்டில் நாற்பது வருடமாக ஒரு ஏற்பாடு உண்டு. பூசைக்கு வைக்க முன்பே ஒரு தூக்குச்சட்டியில் எங்களுக்கென்று எடுத்து மூடி வைத்துவிடுவார். நாங்கள் கேட்டதில்லை, அவராகவே தொடங்கியது. நீங்களும் பெரியம்மாவிடம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமையாகக் கொடுக்காதீர்கள். கிறிஸ்மஸ் கேக் வெட்டும்போது முதல் துண்டு நாலு காம்பரா தள்ளிப் போகட்டும்.